உபதேசியார் தராத சிபாரிசு

ஆலடியேந்தல் சபைக்கு அமிர்தராஜ் உபதேசியாராக வந்து பத்தொன்பது வருடம் ஆகியிருந்தபோது அவருக்கு மஞ்சள் காமாலை கண்டது. எண்பத்தைந்தாம் வருடத்து ஐப்பசி அது. திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில், குண்டாற்றுக்கு அந்தப் பக்கம் கிடக்கிற ஊர் ஆலடியேந்தல். மழை பெய்தால் கரிசல் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. பெய்யாவிட்டால் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் பிழைப்பு. ஊரில் நாற்பத்து மூன்று கிறிஸ்தவக் குடும்பங்கள். போதகர் திருச்சுழியில் இருந்தார். அவருக்கு இதைப்போலப் பன்னிரண்டு ஊர்கள். மாதத்துக்கு ஒருமுறை வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்றபடி மணியடிப்பது, பிரசங்கம் பண்ணுவது, நோயாளி வீட்டில் ஜெபம், கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பது, செத்தவர்களை அடக்கம் பண்ணுவது எல்லாம் உபதேசியார் தலையில்தான்.

காமாலை அவரை ஒரே வாரத்தில் கட்டிலோடு சாய்த்துவிட்டது. மனைவி சவுந்தரம் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். உபதேசியாருக்கு எழுந்து நடமாட மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் சபையை நடத்தியது அவருடைய ஒரே மகள் ரெஜினா.

அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. அருப்புக்கோட்டையில் பன்னிரண்டாவது முடித்துவிட்டு, வாத்தியார் பயிற்சிக்கு இடம் கிடைக்காமல் வீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் தானாகவே மணியை அடித்து, ஆராதனையையும் நடத்திவிட்டு வந்தாள். "ஆளு இல்லைன்னா கோயில பூட்டியா போடுறது?" என்று சவுந்தரத்திடம் கேட்டாளாம். யாரும் குறை சொல்லவில்லை. உபதேசியார் எழுந்து வரும்வரைக்கும்தானே என்று விட்டுவிட்டார்கள்.

கார்த்திகை முதல் வாரம் தச்சு ஆசாரி வேதமாணிக்கம் இறந்துபோனார். அன்றைக்குப் பார்த்துக் குண்டாற்றில் வெள்ளம். போதகர் வர வழியில்லை. பிரேதமோ இரண்டு நாள் தாங்காது. சபைக் கமிட்டிச் செயலாளர் சாம்ராஜ் உபதேசியார் வீட்டு வாசலில் வந்து நின்றார். கரி லோடு ஏற்றி வியாபாரம் செய்கிறவர். ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"உபதேசியாரே, எந்திரிச்சு ஒரு கால்மணி நேரம் நிக்க முடியுமா? கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போறோம்."

அமிர்தராஜ் எழுந்தார். இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் வாசிக்கிறேன் மாமா," என்றாள் ரெஜினா.

சாம்ராஜ் அவளைப் பார்க்காமல் அவள் அப்பாவைப் பார்த்தார். "பொம்பளைக கல்லறைத் தோட்டத்துக்கு வார வழக்கம் நம்மகிட்ட இல்லையே."

அதற்குள் செத்துப்போன ஆசாரியின் மனைவியே ஆள் விட்டுச் சொல்லியனுப்பிவிட்டாள்: "அந்தப் பிள்ளைதான் ஒரு மாசமா வந்து எம்புருசனுக்கு ஜெபம் பண்ணுச்சு. அதுவே வாசிக்கட்டும். வேற ஆரும் வேண்டாம்."

கல்லறைத் தோட்டம் உபதேசியார் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மழை விட்டிருந்தது. காற்று இந்தப் பக்கமாக அடித்ததால் கட்டிலில் கிடந்த அமிர்தராஜுக்கு ரெஜினாவின் குரல் ஒரு வார்த்தை தவறாமல் கேட்டது. அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் அந்தக் குடும்பத்துக்கென்றே இப்போதுதான் எழுதியதுபோலச் சொன்னாள். நடுவில் புத்தகத்தை மூடிவிட்டு, வேதமாணிக்கம் ஆசாரி யார் யார் வீட்டுக்கு நிலையும் கதவும் செய்து கொடுத்தார் என்று பெயர் பெயராகச் சொன்னாள். அங்கே கூட்டத்தில் ஆண்கள் விம்முகிற சத்தம் எழுந்தது.

"பாத்தீகளா, ஒங்க மகள!" என்றாள் சவுந்தரம், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ம்," என்றார் அமிர்தராஜ். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தை மாதம் உடம்பு தேறி அவர் மறுபடியும் பிரசங்க பீடத்தில் ஏறினார். சனங்கள் மரியாதையாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும், "உபதேசியார் மகள் என்னைக்குப் பேசும்?" என்று இரண்டொருவர் வாய்விட்டே கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாலிபப் பிள்ளைகள் பதினைந்து இருபது பேர் ரெஜினாவைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். யார் வீட்டில் நோய், யாருக்குப் பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று என்று விசாரித்து ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக்கொடுப்பாள். அமிர்தராஜ் வாலிபர் கூட்டத்துக்கு நாள் குறித்துத் துண்டுச்சீட்டு ஒட்டிப் பார்த்த காலமெல்லாம் உண்டு. நாலு பேர் வந்ததில்லை.

எண்பத்தேழு பிப்ரவரியில் பேராயரின் சுற்றுக்கடிதம் வந்தது. போதகர் அதை ஆராதனை முடிவில் வாசித்தார். ஓய்வு பெறுகிற குருமார் அதிகம், அவர்களுக்குப் பின்னால் ஆளில்லை. ஒவ்வொரு சபையும் இருபதிலிருந்து இருபத்தெட்டு வயதுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து இறையியல் கல்லூரிக்குச் சிபாரிசு செய்ய வேண்டும். பெண்களும் விண்ணப்பிக்கலாம்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பே ரெஜினா ஒரு தாளை நீட்டினாள். அழகான எழுத்தில் விண்ணப்பம் முழுதும் எழுதியாகிவிட்டது.

"அப்பா, நான் போறேம்ப்பா."

"எங்க?"

"படிக்க. போதகருக்கு. ஒங்களுக்குத் தெரியாதா, எனக்கு இதவிட்டா வேற நெனப்பே இல்லைன்னு."

அமிர்தராஜ் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "கமிட்டியில வைப்போம். அவுக என்ன சொல்றாகன்னு பாப்போம்."

"நீங்க சொன்னா கேப்பாக."

"பாப்போம் தாயி."

அடுத்த ஞாயிறு கமிட்டி கோயிலுக்குப் பின்னாலுள்ள சின்ன அறையில் கூடியது. போதகரையும் சேர்த்து எட்டுப் பேர். உபதேசியாருக்கு ஓட்டு இல்லை, ஆனால் அவர் அபிப்பிராயத்தைக் கேட்காமல் எதுவும் முடிவாகாது. பேச வேண்டிய பெயர்கள் இரண்டே. ஒன்று ரெஜினா. இன்னொன்று சாம்ராஜின் தங்கை மகன் எட்வின். நல்ல பையன், பி.ஏ. முடித்தவன், இனிமையாகப் பாடுவான். நாலு பேருக்கு முன்னால் நிற்கச் சொன்னால் கைகால் நடுங்கும். விண்ணப்பத்தை அவனுக்காக அவன் மாமாதான் எழுதியிருந்தார்.

"பிள்ளை நல்ல பிள்ளைதான், நான் இல்லைங்கல," என்றார் சாம்ராஜ். "ஆனா பொம்பளப்பிள்ளைக்கு அங்கியப் போட்டுவிட்டா, நாளைக்குக் கெட்டிக்கொடுக்கிற எடத்துல என்ன சொல்வாக? நம்ம சபைக்கு என்ன பேரு?"

போதகருக்கு ரெஜினாவை அனுப்ப விருப்பம். அது அவர் முகத்திலேயே தெரிந்தது. மற்ற ஆறு பேரில் மூன்று பேர் அவர் பக்கம் சாய்ந்திருந்தார்கள். அவர் அமிர்தராஜிடம் திரும்பினார்.

"உபதேசியாரே, தகப்பன்ங்கிற முறையில கேக்கல. இருவது வருசம் சபையப் பாத்தவருங்கிற முறையில கேக்கேன். நீங்க சொல்லுங்க."

சட்டைப் பைக்குள் மகளின் விண்ணப்பம் இருந்தது. அதை அவர் வெளியே எடுக்கவில்லை.

"எம்மக வேண்டாம்யா," என்றார். "அவளுக்கு வரன் பாத்துருக்கோம். பேச்சு முடியிற நேரம். எட்வின் தம்பியவே அனுப்புங்க."

வரன் எதுவும் பார்த்திருக்கவில்லை. அப்படி ஒரு பேச்சே வீட்டில் கிடையாது. அந்த வார்த்தை தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று வீட்டுக்கு நடக்கிறபோது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ரெஜினா வாசலில் நின்றிருந்தாள்.

"என்னப்பா சொன்னாக?"

"ஒத்துக்கலம்மா. நான் சொல்லிப் பாத்தேன். பொம்பளப்பிள்ளை வேண்டாம்னுட்டாக."

அவள் அழுவாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை. "நீங்க சொன்னீகல்ல, அது போதும்ப்பா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அவருக்குச் சோறு போட்டாள். பாதிச் சோற்றிலேயே அவர் கை கழுவிவிட்டார்.

ஒரு பொய்யைச் சொன்ன பிறகு அதை மெய்யாக்க வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமையே பஸ் ஏறிப் பாளையம்பட்டிக்குப் போனார். பழைய சிநேகிதர் மூலமாக நூல் மில்லில் வேலை பார்க்கும் அருள்தாஸ் என்கிற பையனைப் பேசி முடித்தார். மே மாதம் கல்யாணம். மாப்பிள்ளை குடிக்கிறவனோ அடிக்கிறவனோ இல்லை. மில்லுக்குப் போவான், வருவான், சாப்பிட்டுத் தூங்குவான். அமிர்தராஜ் இதைத் தனக்குத்தானே பலமுறை சொல்லிச் சமாதானம் தேடிக்கொண்டார். சவுந்தரத்திடம்கூட அந்த அறையில் நடந்ததை அவர் சொல்லவில்லை.

ஜூன் மாதம் எட்வின் பெட்டி படுக்கையோடு கல்லூரிக்குப் புறப்பட்டபோது சபையே பஸ் ஏற்றிவிடப் போனது. பையன் முகம் வெளுத்திருந்தது. உபதேசியார் ஜெபம் பண்ணி அனுப்பினார்.

*

தொண்ணூற்றொன்றில் அமிர்தராஜ் ஓய்வு பெற்றார். அவருக்குப் பதிலாக ஆள் போடவில்லை. மூன்று ஊருக்கு ஒரு உபதேசியார் என்று ஏற்பாடாயிற்று. அவர் சைக்கிளில் வந்து ஓர் ஆராதனையை முடித்துக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓடுவார். ரெஜினா கூட்டிச் சேர்த்த வாலிபர்கள் ஒவ்வொருவராகத் திருப்பூருக்கும் சிவகாசிக்கும் போய்விட்டார்கள். நரிக்குடி ரோட்டில் ஓலைக்கொட்டகை போட்டு ஒரு புது ஜெபக்கூட்டம் ஆரம்பித்ததும் பதினொரு குடும்பங்கள் அங்கே போய்விட்டன. இருக்கிறவர்களில் கிழடுகளே அதிகம். தேய்ந்துபோன சபையைப் பார்க்கும்போதெல்லாம் அமிர்தராஜுக்கு மனதில் ஒரு கணக்கு ஓடும். அவள் போயிருந்தால் இந்நேரம் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கேள்வியோடு எழுவார், அதோடேயே படுப்பார்.

தொண்ணூற்று நாலில் எட்வின் அதே பன்னிரண்டு ஊர்ச் சேகரத்துக்குப் போதகராக வந்தான். இல்லை, வந்தார். சனங்களுக்கு அந்தப் பழக்கம் வர நாளாயிற்று. அவர் நேர்மையானவர். நோயாளி என்று சொன்னால் எந்த நேரமும் வருவார். ஆனால் பிரசங்க பீடத்தில் நின்றால் இப்போதும் தாளிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். வந்த இரண்டாம் மாதம், பன்னிரண்டு ஊரிலும் வாலிபர்களைச் சேர்க்கவேண்டும், தன்னால் அது ஆகாது, ஆகிற ஒரே ஆள் யார் என்பது தனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு பாளையம்பட்டிக்கு ரெஜினாவைத் தேடிப் போனார்.

அங்கே நடந்ததை அமிர்தராஜ் பின்னால்தான் தெரிந்துகொண்டார். எட்வின் கபடமில்லாமல் பேசியிருக்கிறார். "நான் போறேன்னு ஒருநாளும் சொன்னதில்ல, எங்க மாமா எழுதிக்கொடுத்தாரு. அன்னைக்கு ஒங்கப்பா வேண்டாம்னு சொல்லலைன்னா, போதகரா நீங்கதான் இங்க வந்துருப்பீங்க. அப்ப இருந்த போதகர் ஐயாவும் மூணு பேரும் ஒங்க பக்கந்தான் இருந்தாங்களாம்." அவளுக்கு அது தெரியும் என்றே எட்வின் நினைத்திருந்தார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ரெஜினா ஆலடியேந்தலுக்கு வந்தாள். சவுந்தரம் கம்மாய்க்குத் துணி துவைக்கப் போயிருந்தாள். அமிர்தராஜ் முற்றத்தில் மிளகாய் வற்றலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, சொல்லாம கொள்ளாம? மாப்பிள்ளை வரலையா?"

"அப்பா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கமிட்டியில என்னைய வேண்டாம்னது ஆரு?"

அவர் கிளறுவதை நிறுத்தினார். இன்னொரு பொய்க்கு அவரிடம் தெம்பு இல்லை.

"நாந்தான்."

"ஏம்ப்பா?"

"தெரியலம்மா. பயம். ஊரு என்ன சொல்லுமோன்னு..."

"ஏழு வருசமா நான் அந்தக் கமிட்டி ஆளுகள வைஞ்சுக்கிட்டு இருந்தேன்," என்றாள் ரெஜினா. குரல் உயரவே இல்லை. "சாம்ராஜ் மாமாவ ரோட்டுல பாத்தா மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போவேன். ஒங்கள நெனச்சா மட்டும் மனசு குளிரும். நமக்காக ஒருத்தர் பேசுனாருல்லன்னு. அதுவும் இல்லாமப் பண்ணிட்டீகளேப்பா."

அவள் உள்ளே போகவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அப்படியே திரும்பிப் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். சவுந்தரம் ஈரத்துணியோடு வந்து கேட்டபோது அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அவரோடு மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "நாம பெத்தது ஒண்ணே ஒண்ணு," என்று மட்டும் சொன்னாள்.

எட்வின் கேட்ட வேலையை ரெஜினா ஏற்றுக்கொண்டாள். சனிக்கிழமைதோறும் ஆலடியேந்தல் கோயிலில் வகுப்பு. சுற்று ஊர்களிலிருந்து பையன்களும் பெண்பிள்ளைகளுமாக முப்பது பேர்வரை வந்தார்கள். அவர்களை வெறுமனே உட்கார்த்தி வைத்துப் பேசமாட்டாள். இந்த வாரம் நீ ஜெபக்கூட்டம் நடத்து, நீ ஆஸ்பத்திரிக்குப் போய் இன்னாரைப் பார்த்துவிட்டு வா, நீ பிரசங்கம் எழுதிக்கொண்டு வா என்று அனுப்பிவிடுவாள். தப்பு செய்தால் அடுத்த வாரமும் அவர்களையே அனுப்புவாள். அருள்தாஸ் மில்லிலிருந்து வந்து தங்கள் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டான். அதிகம் பேசாத மனிதன், இதற்கு ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை.

மகள் வாரம் தவறாமல் ஊருக்கு வந்தாள், வீட்டுக்கு மட்டும் வரவில்லை. தாயைக் கோயிலிலேயே பார்த்துப் பேசிவிட்டுப் போவாள். எதிரில் அமிர்தராஜ் வந்தால் கைகுவித்து, "ஸ்தோத்திரம் ஐயா" என்பாள். ஊரில் எந்தப் பெரியவருக்கும் சொல்வதுபோல. முதல் தடவை அந்த 'ஐயா'வைக் கேட்டபோது அவர் கம்மாய்க்கரைவரை நடந்துபோய்க் கருவேலமரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வந்தார். மூன்று வருடம் அந்த ஒரே வார்த்தைதான்.

*

தொண்ணூற்றேழில் மறுபடியும் சிபாரிசுக்குக் கடிதம் வந்தது. ரெஜினா ஒரு பெயர் கொடுத்தாள்: பொன்மணி. ஆலடியேந்தல் பிள்ளை, இருபத்து மூன்று வயது, தபாலில் பி.ஏ. படித்தவள். அப்பா சுப்புராஜ் கரிமூட்டத்தில் கூலிவேலை செய்கிறவர். கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து பத்து வருடந்தான் ஆகிறது. பழைய பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. பொன்மணி பயந்த சுபாவம், ஆனால் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால் முடிக்காமல் விடமாட்டாள். சண்டையில் பிரிந்து கிடந்த இரண்டு அண்ணன் தம்பி குடும்பங்களை நாலு மாதம் அலைந்து ஒரே பந்தியில் உட்காரவைத்தவள் அவள்தான்.

இந்தத் தடவை எட்வின் போதகர் கமிட்டியோடு நிறுத்தாமல் சபைக்கூட்டமாகவே கூட்டினார். ஆராதனை முடிந்து எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். சாம்ராஜுக்கு அப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆனால் குரல் பழைய குரல்தான்.

"நான் ஒண்ணும் புதுசாச் சொல்லல," என்று எழுந்தார். "பத்து வருசத்துக்கு முன்னால இதே பேச்சு வந்துச்சு. அப்ப நம்ம அமிர்தராஜ் உபதேசியாரே சொந்த மகள வேண்டாம்னு சொன்னாரு. பெத்த தகப்பன், சபையக் கட்டி ஆண்ட மனுசன், அவருக்குத் தெரியாதது நமக்குத் தெரிஞ்சுபோச்சா? அவரு காட்டுன வழியில போவோம்."

இரண்டு மூன்று தலைகள் ஆமாம் என்று அசைந்தன. அமிர்தராஜ் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ரெஜினா பெண்கள் பக்கத்தில் பொன்மணிக்கு அருகில் இருந்தாள். தன் பெயரைச் சொல்லி இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வழியை அடைப்பார்கள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. எழுந்தார்.

"சாம்ராஜ் சொல்றது நெசம். நாந்தான் வேண்டாம்னேன்." நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தார். "ஆனா அது வழியில்ல. பொய். வரன் பாத்துருக்கோம்னு இங்க சொன்னேன். அன்னைக்கு வரன் கிரன் ஒண்ணும் பாக்கல. வீட்டுக்குப் போயி மககிட்ட, கமிட்டி ஒத்துக்கலன்னு சொன்னேன். அதுவும் பொய்."

யாரோ இருமினார்கள். எட்வின் போதகர், "உபதேசியாரே, போதும், உக்காருங்க" என்றார்.

"இல்ல ஐயா, முடிச்சுடுறேன். ஊருக்குப் பயந்தேன்னு எம்மககிட்டச் சொன்னேன். அது பாதிதான். வேதமாணிக்கம் ஆசாரி அடக்கத்துக்கு அவ வாசிச்சது கட்டில்ல கெடந்த எங்காதுல விழுந்துச்சு. பத்தொம்பது வருசம் நான் வாசிச்சேன். எனக்கு ஒருத்தரும் அப்படி அழுததில்ல. அது எனக்குப் பொறுக்கல." அவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "பெத்த பிள்ளை மேல பொறாமைப்பட்டேன். அதத்தான் சாம்ராஜ் இப்ப வழிங்கிறாரு. அந்த வழியில ஆரும் போயிராதீக."

உட்கார்ந்தார். சவுந்தரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். ரெஜினா பக்கம் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. பிறகு கை தூக்கச் சொன்னார்கள். பொன்மணிக்கு ஆதரவாகப் பாதிக்குமேல் கைகள் எழுந்தன. சாம்ராஜ் கூட்டம் முடியும் முன்பே வெளியே போய்விட்டார்.

அத்தோடு தீரவில்லை. பொன்மணியின் அப்பா சுப்புராஜ் மறுத்துவிட்டார். பிள்ளையை நாலு வருடம் வெளியூரில் விட்டுவைக்க அவருக்கு மனமில்லை. ரெஜினா இரண்டு தடவை போய்ப் பேசியும் அவர் இறங்கிவரவில்லை. இதைச் சவுந்தரம் வந்து சொன்னதும் அமிர்தராஜ் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கரிக்காட்டுக்குப் புறப்பட்டார். வெயிலில் இரண்டு மைல். அறுபத்தைந்து வயது.

சுப்புராஜ் மண் பூசிய மூட்டத்தைச் சுற்றி வந்து, புகை கசிகிற இடங்களை அடைத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கரி.

"வாங்க ஐயா. ஒங்க மக அனுப்பிச்சுதா?"

"அவ எங்கூடப் பேசுறதில்ல. நானாத்தான் வந்தேன்."

சுப்புராஜ் மண்வெட்டியைச் சாத்திவைத்துவிட்டு உட்கார்ந்தார். "கோவிச்சுக்காதீக. நீங்க ஒங்க மகளுக்குச் செய்யாதத, எம்மகளுக்குச் செய்யச் சொல்றீகளே, இது என்ன நாயம்?"

"நாயமில்லதான்."

"அனுப்பாததுல என்ன கெட்டுப்போச்சு? ஒங்க மகளுக்குப் புருசன் இருக்காரு, பிள்ளைக இருக்கு, சபையில பேரு இருக்கு. நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கா," என்றார் அமிர்தராஜ். "சனிக்கிழமை சனிக்கிழமை எங்க வீட்டுத் தெரு வழியா நடந்து போறா. ஒருநாளும் வாசப்படி ஏறல. என்னைய 'ஐயா'ன்னு கூப்பிடுறா. சுப்புராஜ், நீ பிள்ளைய அனுப்பு, அனுப்பாம இரு. அது ஒம்பாடு. ஆனா வேண்டாம்னா, நான் வேண்டாம்ங்கிறேன்னு அது மொகத்தப் பாத்துச் சொல்லு. அடுத்தவன் மேல போடாத. என்னைக்கிருந்தாலும் தெரிஞ்சுபோகும்."

மூட்டத்தின் ஒரு பக்கம் புகை வெளுத்து வரவே சுப்புராஜ் எழுந்துபோய் மண் அப்பினார். அமிர்தராஜ் வந்த வழியே திரும்பினார்.

இரண்டு வாரம் கழித்துச் சுப்புராஜ் ரெஜினாவிடம் போய்ச் சம்மதம் சொன்னார். மகளின் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லத் தனக்கு வாய் வரவில்லை என்றாராம்.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை பொன்மணி புறப்பட்டாள். அவளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு வர ரெஜினாவும் கூடப் போனாள். பஸ் நிறுத்தத்தில் அதிகக் கூட்டமில்லை. சுப்புராஜும் அவர் மனைவியும், வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், சவுந்தரம். அமிர்தராஜ் தள்ளி, சண்முகவேலின் பலசரக்குக் கடை நிழலில் நின்றார். பொன்மணி அவரிடம் ஓடிவந்து, ஜெபம் பண்ணச் சொன்னாள். அவர் தலையில் கைவைத்தார். கையை மட்டும் வைத்திருந்துவிட்டு எடுத்தார்.

பஸ் வருகிற தூசி தெரிந்ததும் ரெஜினா அவரை நோக்கி வந்தாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாகத் தானே வந்து அவருக்கு எதிரே நின்றாள்.

"கூட்டத்துல பேசுனீக. கரிக்காட்டுக்கும் போனீகன்னு சுப்புராஜ் சொன்னாரு."

"ம்."

"அந்தப் பிள்ளைக்குச் செஞ்சீக, சந்தோசம்." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கு ஆறலப்பா. ஆறும்னு பொய் சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேண்டாம்மா," என்றார் அமிர்தராஜ்.

அவள் தலையசைத்துவிட்டுப் போய்ப் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் பொன்மணி உட்கார, இவள் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ரெஜினா மாதத்துக்கு ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வரத் தொடங்கினாள். தாயோடு அடுப்படியில் இருப்பாள். பேரப்பிள்ளைகள் தாத்தாவோடு விளையாடும். அவள் அவரிடம் பேசுவதெல்லாம் மாத்திரை தின்னீகளா, மருந்து தீர்ந்துபோச்சா என்கிற அளவுதான். எட்வின் போதகர் அடுத்த வருடம் மாற்றலாகிப் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் சனிக்கிழமை வகுப்பைப் பெரிதாக மதிக்கவில்லை. ரெஜினா விடாமல் நடத்தினாள். கொட்டகைக்குப் போன குடும்பங்கள் திரும்பவில்லை. பொன்மணியிடமிருந்து ரெஜினாவுக்கு மாதம் ஒரு கடிதம் வரும். அதில் கடைசி வரியாக, ஐயாவைக் கேட்டதாகச் சொல்லவும் என்று இருக்கும். ரெஜினா அதை மறக்காமல் வந்து சொல்வாள்.

"பொன்மணி கேட்டுச்சாம்ப்பா," என்பாள். அப்புறம் அடுப்படிக்குப் போய்விடுவாள்.